பெற்றோருடன் பயணம் – யாருக்காக?

எங்கள் ஊராகிய அமராவதி நகர், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில், அமராவதி அணையை ஒட்டி அமைந்துள்ளது. 1962-இல் தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளியாலும் அணையருகே உள்ள முதலைப் பண்ணையாலும் வெளியூரார் இதனை அறிவர். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வேன்களில் மக்கள் வருவர். பனியன் கம்பெனிகளில் உழைப்போருக்கு வாரத்தில் கிடைக்கும் ஓய்வு நாள் அது. இளையோர் செங்குத்தான படிகளில் ஏறி, அணையின் மேல் நின்று, தெற்கே மலைத்தொடரையும் வடக்கே சமவெளியையும் கண்டு மகிழ்வர். கீழே நிற்கும் வேனின் சன்னலோரத்தில் பெரும்பாலும் ஒரு முதியவரோ மூதாட்டியோ தனியே அமர்ந்திருப்பதைக் காணலாம்.

ஒரு மாலை நடைப்பயிற்சியின்போது அத்தகைய மூதாட்டி ஒருவரிடம், “நீங்கள் மேலே போகவில்லையா அம்மா?” என்று கேட்டேன். “அவங்க பாத்துட்டு வரட்டும் அம்மிணி. நான் போனா அவங்களுக்குத்தானே எடைஞ்சல்” என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆயினும், அவர் கண்கள் அணையின் படிகளை விட்டு அகலவில்லை.

முதிய பெற்றோரை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அழைத்துச் செல்லும் வழக்கம் நம் இல்லங்களில் பெருகி வருகிறது. மக்கள் கை நிறையச் சம்பாதிக்கின்றனர்; பெற்றோர்க்கு உலகைக் காட்ட விழைகின்றனர். இது நல்லெண்ணமே. ஆயினும் அந்நல்லெண்ணத்தினுள் ஓர் அறவினா மறைந்திருக்கிறது. அப்பயணம் யாருக்காக? பெற்றோர் “சரி” என்று சொல்லும்போது அது அவர்களுடைய விருப்பமா, பிள்ளைகளின் முகம் வாடாதிருக்கச் சொல்லும் சொல்லா? “வேண்டாம்” என்று சொல்லும்போது அது உண்மையான வேண்டாமையா, சுமையாகிவிடுவோமோ என்னும் அச்சமா? என் வாழ்வில் இவ்வினாவை இருபுறமும் நின்று பார்த்தேன். ஆதலின் இதனை எழுதத் துணிகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 1993-ஆம் ஆண்டு சிரவணபெளகுளத்தில் பகவான் பாகுபலிக்கு மகாமஸ்தகாபிஷேகம் நிகழ்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அப்பெருவிழாவிற்குச் செல்லவேண்டும் என்று என் தாயார் விரும்பினார். பள்ளி நாள்களில் விடுப்பு எடுக்க எங்களால் இயலவில்லை. “கூட்டம் குறைந்ததும் போகலாம்” என்று சொல்லி, 1994 கோடை விடுமுறையில் அழைத்துச் சென்றோம். விந்தியகிரியில் அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள், பாறையிலேயே செதுக்கப்பட்டவை. வெறுங்காலுடன் ஏறவேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அன்று மாலையே மைசூருக்குச் செல்ல வண்டியும் பேசியிருந்தோம்.

தாயார் படிகளை அண்ணாந்து பார்த்தார். பின், “நீங்கள் போய் வாருங்கள். நான் இந்த நிழலில் இருந்தபடியே கும்பிட்டுக்கொள்கிறேன்” என்றார். நான் ஒரு முறை “வாருங்களேன்” என்றேன். அவர் தலையசைத்தார். அவ்வளவுதான், நாங்கள் ஏறிவிட்டோம். டோலி கிடைக்குமா என்று கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் பாறை சுடுவதற்கு முன் மெல்ல ஏற்றிவிடலாமே என்றும் எண்ணவில்லை. 57 அடி உயரத்தில் நிற்கும் அத்திருமேனியின் முன் நின்றபோது என் நெஞ்சம் நிறைந்தது உண்மை. ஆனால், தாயாரை நான் அப்போது நினைக்கவே இல்லை என்பதும் உண்மை. அவர் மறைந்த பின், என் சிற்றன்னை சொல்லித்தான் ஒன்று தெரிந்தது. அந்த மலையை ஏறவேண்டும் என்பதற்காகவே தாயார் அதற்கு முந்தைய மாதங்களில் தினமும் வீட்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பழகினாராம்! அவர் சொன்ன ஒரு சொல்லை நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து, அதே வினா என் வீட்டு வாசலுக்கு வந்தது. இம்முறை முதியவள் நான்.

என் மகன் திருப்பூரில் ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறான். ஒரு நாள் வண்ணப் படங்கள் நிறைந்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தான். பன்னிரண்டு நாள்களில் ஐரோப்பாவின் ஏழு நாடுகள்! “அப்பா, அம்மா, நீங்கள் இருவரும் எனக்காக எவ்வளவோ செய்தீர்கள். இதையாவது நான் செய்யவேண்டும்” என்றான். என் கணவருக்கு அப்போது எண்பது வயது. சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் உண்டு. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் ஒரே குரலில், “உன் விருப்பம் போல் செய், அப்பா” என்றோம். அன்றிரவு இருவருக்கும் உறக்கம் வரவில்லை. நான் வேன் சன்னலோரத்து மூதாட்டியை எண்ணினேன். என் தாயாரை எண்ணினேன். நாங்களும் மகனிடம் மெய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வாய்மை என்பது பொய் பேசாமை மட்டும் அன்று. அன்பின் பொருட்டே ஆயினும், உள்ளத்தில் இருப்பதை மறைத்து வேறொன்றை உரைத்தால், கேட்பவர் தவறான வழியில் நடக்க நாமே காரணமாகிறோம். மகன் பெரும்பொருள் செலவிடுவான். நாங்கள் வழியில் வருந்துவோம். எங்கள் வருத்தம் கண்டு அவனும் வருந்துவான். ஒரு சிறு மறைப்பிலிருந்து இத்தனை துன்பங்கள் விளையும். ஆகவே மறுநாள் அவனை அழைத்து உள்ளதைச் சொன்னோம். “உன்னோடு சில நாள் இருக்க ஆசை. ஏழு நாடுகளைக் காணும் ஆசை எங்களுக்கு இல்லை” என்றோம். அவன் முகம் சிறிது வாடியது. பின்னர், “இதை நேற்றே சொல்லியிருக்கலாமே அம்மா” என்றான். ஆம், சொல்லியிருக்கலாம்.

இங்கு நம் முன்னோர் வகுத்த ஒரு விரதம் நினைவுக்கு வருகிறது. இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று திக்விரதம். நாற்றிசையிலும் இன்ன கடல், இன்ன ஆறு, இன்ன மலை வரையே செல்வேன் என வாழ்நாள் முழுதுக்கும் எல்லை வகுத்துக்கொள்ளுதல் அது. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இதனை விளக்குகிறது. தேசவிரதம் என்பது அவ்வெல்லையைக் குறித்த காலத்திற்கு மேலும் சுருக்கிக்கொள்ளுதல். உங்கள் இல்லத்து முதியவர் திக்விரதம் ஏற்றவரானால், கடல் கடந்த பயணத்தைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிட வேண்டும். “ஒரு முறைதானே” என்று வற்புறுத்துவது அவருடைய நோன்பைப் பறிப்பதாகும். அவ்விரதம் ஏற்காதோர்க்கும் அதனுள் ஒரு பாடம் உண்டு. எல்லை வகுத்தல் இழப்பு அன்று. எல்லை இருப்பதனால்தான் எல்லைக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

என் கணவர் சொன்னார்: “நாமும் இந்தப் பயணத்திற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்வோம். ஒரு நாளில் ஓர் இடம். வழியில் நம்முள் மிக மெல்ல நடப்பவர் யாரோ, அவர் நடையே எல்லோர்க்கும் நடை.” அவ்வாறே முடிவாயிற்று. இலங்கையைத் தேர்ந்தோம். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே. கடிகாரத்தைத் திருப்பவேண்டியதில்லை, அந்நாட்டு நேரமும் நம் நேரமே. ஆகவே மருந்து உண்ணும் வேளை மாறாது. தமிழும் வழங்கும் நாடு.

இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் கதிரவன் மறைந்த பின் உண்பதில்லை. இலண்டனில் சூன் மாதத்தில் இரவு ஒன்பது மணி கடந்தும் பகல் நீள்கிறது. திசம்பரிலோ பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்கிறது. உண்ணும் வேளை அவ்வளவு புரண்டால் சர்க்கரை நோயாளியின் உடல் தாங்காது. இலங்கையிலோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணியை ஒட்டியே கதிரவன் மறைகிறான். நோன்பும் உடலும் ஒன்றுக்கொன்று முரணாத நாடு அது என்று கண்டோம்.

பயண ஏற்பாட்டில் நாங்கள் கற்ற சிலவற்றை இங்குக் குறிப்பது பயன் தரும். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே அணைப்பூங்காவில் தினமும் நடந்து, இளைப்பின்றி எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று அறிந்துகொண்டோம். அதைக் கொண்டே ஒவ்வொரு நாளையும் வகுத்தோம். மருத்துவரைக் கண்டு, மருந்துச் சீட்டுடன் மருந்துகள் அனைத்தையும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டோம். பெட்டியில் வைத்தால், பெட்டி வழிமாறிப் போகும்போது மருந்தும் உடன் போய்விடும். விடுதிகளில் தரைத்தள அறையும் மேற்கத்திய முறைக் கழிப்பறையும் வேண்டும் என முன்கூட்டியே எழுதிக் கேட்டோம். நண்பகலில் இரண்டு மணி நேர ஓய்வு கட்டாயம் என்று குறித்தோம். குடிநீரைக் காய்ச்சி எடுக்க ஒரு சிறு மின்கெட்டிலும் வடிகட்டும் துணியும் உடன் வந்தன.

பயணக் காப்பீட்டுப் படிவத்தை நிரப்பும்போது, “சர்க்கரை நோய் என்று எழுதினால் கட்டணம் கூடும், விட்டுவிடலாமா?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். என் கணவர் மறுத்துவிட்டார். நோயை மறைத்துக் குறைந்த கட்டணத்தில் காப்புப் பெறுவது பொய். அத்துடன் களவும் ஆகும். மேலும் அப்படி மறைத்தால் இடர் வரும்போது இழப்பீடு கிடைக்காது என்பது உலகியல் உண்மை. ஆனால் அதே கணவர், விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்கலாம் என்றபோது, “நான் என்ன நோயாளியா?” என்று சினந்தார். மருமகள்தான் மெல்லச் சொன்னாள்: “மாமா, அங்கே நெடுந்தூரம் நடக்கவேண்டும். அந்த வலிமையைக் கோயில் பார்ப்பதற்கு மிச்சம் வைத்துக்கொள்வோமே.” அவர் இசைந்தார். முதியோர்க்கும் மானம் உண்டு. அதனைப் புண்படுத்தாமல் உதவி செய்வதும் அகிம்சையே.

2024 பிப்ரவரியில் ஏழு நாள் சென்று வந்தோம். கொழும்பு, அனுராதபுரம், சிகிரியா, கண்டி ஆகிய நான்கு ஊர்களே. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிரையும் மலைவளைவுகளையும் எண்ணி அதனை விட்டுவிட்டோம். உணவில் ஒன்று நினைவிருக்கட்டும். அங்குத் தேங்காய்ச் சம்பலிலும் காய்கறிக் கறிகளிலுங்கூட மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பது வழக்கம். காய்கறிதானே என்று கேளாமல் உண்ணலாகாது. ‘சைவக் கடை’ என்று பெயர்ப்பலகை உள்ள தமிழர் உணவகங்களை நாடினோம். இடியப்பமும் தேங்காய்ப்பாற் சொதியும் கிடைத்தன. வெங்காயம் தவிர்க்குமாறு கேட்டபோது முகம் சுளிக்காமல் செய்து தந்தனர். மாலை உணவை நான்கு மணிக்கே வாங்கி உடன் வைத்துக்கொண்டோம்.

அனுராதபுரத்திற்குச் செல்ல விரும்பியவர் என் கணவர். அதற்குக் காரணம் உண்டு. பாண்டுகாபய மன்னன் அந்நகரை அமைத்தபோது நிகண்டர்களுக்கு, அதாவது நம் சமண முனிவர்களுக்கு, உறைவிடம் அமைத்துக் கொடுத்தான் என்று பௌத்த நூலாகிய மகாவம்சமே கூறுகிறது. கிரி என்னும் நிகண்டர் ஒருவர் அங்கு உறைந்தார். பிற்காலத்தில், கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் தமிழ்ப் படையிடம் தோற்றுத் தேரில் தப்பி ஓடினான். அதைக் கண்ட நிகண்டர் ஒருவர் உரத்த குரலில் எள்ளினாராம். பதினான்கு ஆண்டுகள் கழித்து மீண்டு வந்த மன்னன், அந்த உறைவிடத்தை இடித்து அங்கே ஒரு விகாரையைக் கட்டினான். அதுவே அபயகிரி. ஐந்தாம் நூற்றாண்டில் சீனத் துறவி பாகியான் வந்து கண்டபோது அங்கு ஐயாயிரம் துறவியர் இருந்தனர் என்று எழுதினார்.

காலை ஏழு மணிக்கே அங்குச் சென்றோம். காலணி களைந்து நடக்கவேண்டிய இடம். வெயில் ஏறினால் கல் சுடும். செங்கற்களால் ஆன பெருந்தூபம் முன்னே நின்றது. நம் முனிவர்கள் இருந்த அடையாளமாகக் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. என் கணவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “தோற்று ஓடுபவனை எள்ளிய ஒரு சொல். அதற்கு விலை இவ்வளவு” என்றார்.

ஆனால், என் நெஞ்சைத் தைத்தது அக்கதையின் வேறொரு பகுதி. மன்னன் ஓடிய தேரில் அவன் தேவியர் இருவரும் பிள்ளைகளும் இருந்தனர். தேர் விரையவேண்டும், பாரம் குறையவேண்டும். சோமதேவி என்னும் அரசி, தானே இசைந்து, தேரினின்று இறங்கினாள் என்று மகாவம்சம் சொல்கிறது. மன்னன் அவளுக்குத் தன் முடிமணியைக் கொடுத்துவிட்டு விரைந்தான். அவள் பகைவர் கையில் சிக்கினாள்.

‘தானே இசைந்து’ என்னும் சொற்களை எண்ணிப் பாருங்கள். பகைவர் துரத்தும்போது, தேர் தாங்காதபோது, குழந்தைகள் உடன் இருக்கும்போது, “நான் இறங்குகிறேன்” என்னும் சொல் எவ்வளவு தன்விருப்பமானது? எங்கள் அணையடியில் வேனுக்குள் இருக்கும் மூதாட்டியும், விந்தியகிரி அடிவாரத்தில் இருந்த என் தாயாரும், தேரினின்று தாமே இறங்கியவர்கள்தாம். மன்னனுக்காவது பகைவர் துரத்தினர் என்னும் காரணம் உண்டு. நம்மைத் துரத்தியவர் யார்? மாலையில் மைசூருக்கு வண்டி பேசியிருந்தோம் என்பதைத் தவிர, 1994-இல் என்னைத் துரத்தியது ஒன்றும் இல்லை. பயணத்தில் விரைவு என்பது நாமே அமர்த்திக்கொள்ளும் பகைவன்.

இரண்டு நாள் கழித்துச் சிகிரியா சென்றோம். பாறையின் உச்சிக்கு ஏறத்தாழ 1200 படிகள். நாங்கள் ஏறுவதில்லை என்பது ஊரிலேயே முடிவானது. பேரனுக்கு மட்டும் ஏற ஆசை. அடிவாரத்தில் பழைய நீர்த்தோட்டங்கள் உள்ளன, நிழலில் அமர்ந்தோம். “நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள்” என்றேன். சொன்ன கணமே அது என் தாயாரின் குரலாக என் காதில் விழுந்தது. மகன் என்னை உற்றுப் பார்த்து, “அம்மா, மெய்யாகத்தான் சொல்கிறீர்களா? இன்னொரு முறை யோசித்துச் சொல்லுங்கள்” என்றான். நான் சிறிது நேரம் வாளாவிருந்தேன். பிறகு, “யாராவது ஒருவர் எங்களோடு இருந்தால் நன்றாக இருக்கும்” என்றேன். இதைச் சொல்ல எனக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

மருமகள் பேரனோடு ஏறினாள். மகன் எங்களோடு அமர்ந்தான். இரண்டரை மணி நேரம். அவன் சிறுவனாக இருந்தபோது அணைக்கரையில் காணாமற்போய் எங்களைக் கதிகலங்கச் செய்த கதையைப் பேசினோம். அவன் தொழிலில் படும் இன்னல்களைச் சொன்னான். வீட்டில் அவன் ஒருபோதும் சொல்லாதவை அவை. இலங்கையில் நான் கண்டவற்றுள் எது சிறந்தது என்று கேட்பார்க்கு, அபயகிரியையும் பேராதனைப் பூங்காவின் பனை நிழற்சாலையையும் சொல்வதுண்டு. உண்மையில் அது சிகிரியாவின் அடிவாரத்து மர நிழலே.

“முதுமையில் தீர்த்த யாத்திரையே தகும், வெறும் இடங்களைக் காண்பது மோகமே” என்று நம் பெரியோர் சிலர் கூறுவர். அதில் உண்மை உண்டு. உற்றார்முன் பெருமை பேசவும், கல்யாண வீட்டில் படங்களைக் காட்டவும், கடன் வாங்கியேனும் செல்லவும் முற்பட்டால், அது பரிக்கிரகத்தின் இன்னொரு வடிவமே. ஆனால் யாத்திரையும் அவ்வாறு கெடக்கூடும் என்பதை விந்தியகிரி எனக்கு உணர்த்தியது. புனித மலையின்மேல் நின்றபடியே நான் ஒருவரை மறந்தேன். கோயிலுக்குச் சென்றோமா, தோட்டத்திற்குச் சென்றோமா என்பதைவிட, உடன் வந்தவரை எப்படி நடத்தினோம் என்பதே வினையாகி நம்மைத் தொடர்வது.

இளையோர்க்கு ஒரு சொல். பெற்றோர் “வேண்டாம்” என்றால் இரண்டாம் முறையும் கேளுங்கள். கேட்ட பின் மறுமொழிக்குக் காத்திருங்கள். அவர் மெய்யாகவே வேண்டாம் என்றால், மனத்தாங்கலின்றி விட்டுவிடுங்கள். முதியோர்க்கும் ஒரு சொல். பிள்ளைகளின் முகம் வாடுமே என்று மெய்யை விழுங்காதீர்கள். நாம் மெய் சொன்னால்தான் அவர்கள் நம்மைச் சரியாக நேசிக்க முடியும்.

இன்னொன்றும் உண்டு. பெற்றோர் பட்ட கடனை ஒரு விமானச் சீட்டால் தீர்த்துவிடலாம் என்று எண்ணவேண்டா. திருப்பூரிலிருந்து அமராவதி நகருக்கு நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. கடவுச்சீட்டு வேண்டாம், காப்பீடு வேண்டாம். என் மகன் இப்போது மாதம் இருமுறை ஞாயிறு காலையில் வருகிறான். அணைக்கரையில் நாங்கள் மூவரும் நடக்கிறோம். என் கணவரின் நடையே எங்கள் நடை. படிகளின் கீழ் நிற்கும் வேன்களில் யாரேனும் தனியே அமர்ந்திருந்தால், அவருடன் சிறிது நேரம் நின்று பேசிவிட்டுத்தான் வீடு திரும்புகிறோம்.